ஆச்சு சார், அஞ்சே நிமிஷம்

செவ்வாயிலுள்ள செங்காட்டூரில் யாரும் ரசம் வைப்பதில்லை. மாத்திரையாக விழுங்கிவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். அன்று காலை நறுமுகையும் விழுங்கினாள், முகத்தைச் சுளித்தாள், அயனிகளை வரிசையில் நிறுத்த உட்கார்ந்தாள். அவளுக்கு மசக்கை. புளி வேண்டும். நிஜப் புளி, கொட்டையும் கோதுமாக.

புளி வராமலில்லை. பூமியிலிருந்து மூட்டை மூட்டையாக ஏற்றிவந்த கப்பல் மேலே நெருங்கிவிட்டது. ஆனால் கீழே புழுதிப்புயல். எந்தப் பக்கமாகச் சுற்றி இறங்குவது என்று சாயங்காலத்துக்குள் கணக்குப் போட்டு அனுப்பாவிட்டால் கப்பல் நேரே வியாழனுக்குப் போய்விடும். கணக்கு நறுமுகையின் அயனிப்பொறியுடையது. அனுப்புவதற்கு நகரத்தலைவர் கோதண்டபாணி நேரில் வந்து கட்டைவிரல் வைக்க வேண்டும். புளி கொண்டுவருவேன் என்று சொல்லியே ஓட்டு வாங்கியவர் அவர்.

அயனிப்பொறி ஒன்றும் பெரிய மாயமில்லை. காற்றில்லாத பெட்டிக்குள் மின்னேற்றம் பெற்ற சில அணுக்களை, அதாவது அயனிகளை, மின்புலத்தால் அந்தரத்தில் பிடித்துவைத்து, லேசரால் தட்டித் தட்டி வேலை வாங்குவார்கள். ஒவ்வொன்றும் ஆமாம், இல்லை இரண்டுக்கும் நடுவே இரண்டுங்கெட்டானாக நிற்கும்வரைதான் கணக்கு ஓடும். நடுவில் யாராவது விசாரித்தால், பதில் சொல்வதற்காகப் பொறி வேறொரு ஒளியைப் பாய்ச்சிப் பார்க்கும். பார்த்தால் போச்சு. அயனிகள் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

இப்பேர்ப்பட்ட பொறியை நம் ஜனங்கள் இருக்கும் ஊரில் கொண்டுவந்து வைத்த புண்ணியவான் யாரோ.

"ஆச்சா?" என்றது ஒலிபெருக்கி. கோதண்டபாணிதான். அவருக்குப் பொறியோடு நேரடித் தொடர்பு உண்டு. அயனிகள் சாய்ந்தன.

"சார், கேக்காதீங்க சார்! கேட்டா கணக்கு கெட்டுப்போயிடும்."

"அப்படியா? சரிம்மா, கேக்கல." அவள் அயனிகளை மறுபடி நிறுத்தி முடிப்பதற்குள், "இப்ப ஆச்சா?"

மதியம் வரை இதே கதை. நறுமுகைக்கு அழுகையே வந்துவிட்டது. இணைப்பைத் துண்டித்தால் மனிதர் பதறிப்போய் ஊரையே கூட்டிவிடுவார். அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. கேட்கிறவருக்குப் பதிலா வேண்டும்? கேட்டால் போதும். அவருடைய இணைப்பைப் பிடுங்கி ஒரு பழைய ஒலிப்பதிவுக் கருவியில் செருகி, அதில் தன் குரலைப் பதிந்துவைத்தாள்.

"ஆச்சா?"

"ஆச்சு சார், அஞ்சே நிமிஷம்."

"பேஷ்!"

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், கருவி சொல்லிக்கொண்டே இருந்தது. அயனிகள் நிம்மதியாக வேலை பார்த்தன. பொழுது சாயும் முன்பே திரையில் கப்பலின் பாதை பளிச்சென்று வந்துவிட்டது. நறுமுகைக்கு நாக்கில் நீர் ஊறியது. ஓடிப்போய்ப் பேசியை எடுத்தாள்.

"சார், ஆச்சு! உடனே வாங்க!"

"சரிம்மா, மெதுவா முடிங்க."

"ஐயோ சார், நிஜமாவே ஆச்சு!"

"எனக்குத் தெரியாதாம்மா? காலையிலேர்ந்து ஆச்சு ஆச்சுன்னுதானே சொல்றீங்க."

"சத்தியமா சார்! கப்பல் தாண்டிடும், விரல் வைக்கணும்!"

"பதறாதீங்க. நான் அப்பவே கிளம்பிட்டேன். இதோ, தெருமுனையில வந்துட்டே இருக்கேன்."

நறுமுகை அதை நம்பி வாசலில் போய் நின்றாள். மசக்கைக்காரி, வேறென்ன செய்வாள்? தலைக்கு மேலே புளிக்கப்பல் செங்காட்டூரைத் தாண்டி வியாழனைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. கோதண்டபாணி தம் வீட்டில் இடுப்பில் துண்டோடு சீயக்காய் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார்.