முதுகுப் பக்கக் கசங்கல்

காலையில் ஆளுயரப் பொம்மைக்கு மாட்டிவிட்ட ஜெர்சி, மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தபோது முதுகில் மறுபடியும் கசங்கியிருந்தது. முன்பக்கத்தில் ஒரு குறையும் இல்லை. காலர் நிமிர்ந்து நின்றது, கோடுகள் நேராக இறங்கின. பின்னால் போய்ப் பார்த்தால்தான் தெரிந்தது. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், முதுகு எண்ணுக்குச் சற்று மேலே, துணி ஓரிடத்தில் கொத்தாகக் கூடி, அங்கிருந்து கழுத்துக்கும் அக்குளுக்கும் சுருக்கங்கள் இழுபட்டுக் கிடந்தன. பின்னாலிருந்து யாராவது சட்டையைப் பிடித்து இழுத்தால் எப்படியோ அப்படி. அந்தக் கை மட்டும் அகப்பட்டால் விரல் விரலாக ஒடித்துவிடலாம் என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது.

கோபம் அவளுக்குப் புதிதில்லை. அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயரே பட்டாசு. முகத்துக்கு நேரே சொல்ல ஒருவருக்கும் தைரியம் கிடையாது. ஆனால் அவள் வரும்போது பேச்சு நிற்பதை வைத்து அவளுக்கே தெரியும்.

அங்கே செய்வது ஒரு கால்பந்து வீடியோ கேம். பழைய காலத்து அணிகளை, அன்று அவர்கள் போட்ட அதே ஜெர்சியில் திரும்ப ஓடவிடுவது இந்த வருடத்து வித்தை. அதற்காக, பழைய ஜெர்சிகளைச் சேர்த்து வைத்திருப்பவர்களிடம் கெஞ்சி இரவல் வாங்கி, துணிக்கடைப் பொம்மைக்கு மாட்டி, சுற்றிலும் கேமரா வைத்துப் படமெடுத்து, அந்தப் படங்களிலிருந்து கணினிக்குள் ஒரு சட்டையை உண்டாக்க வேண்டும். உண்டாக்குகிறவள் அவள். கோடு கொஞ்சம் தடித்தாலும், காலர் பட்டன் இடம் மாறினாலும் ரசிகர்கள் பிய்த்து எடுத்துவிடுவார்கள். அவள் வேலையில் இதுவரை யாரும் அப்படி ஒன்றையும் கண்டுபிடித்ததில்லை. பாராட்டு மட்டும் எப்படியோ வழி தவறி டீம் லீடரின் மேஜைக்குப் போய்விடும்.

இந்தச் சிவப்பு ஜெர்சியில்தான் அவள் மாட்டிக்கொண்டாள். கணினியில் எவ்வளவு தேய்த்துச் சமன் செய்தாலும், ஆட்டக்காரனுக்கு மாட்டி ஓடவிட்டதும் கசங்கல் திரும்பி வந்தது. மற்றவர்கள் சட்டை படபடக்க ஓடினார்கள்; இவன் சட்டை மட்டும் முதுகில் கூம்பாக இழுபட்டபடி ஓடியது. டீம் லீடர் எல்லாரையும் கூப்பிட்டுப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார். "யாரோ பின்னாடிலேந்து பிடிச்சிருக்கான் பாருங்க. இதுக்கு முதல்ல ஃபவுல் குடுக்கணும்," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அப்படிச் சிரித்ததுதான் அவளுக்கு இன்னும் நெஞ்சில் எரிந்துகொண்டிருந்தது. படம் சரியில்லை, திரும்ப எடுக்கச் சொல்லு என்று கூட்டத்தை முடித்தார் அவர். போகும்போது இன்னொன்றும் சொன்னார்: இது ஆபீஸ், பிள்ளை பார்த்துக்கொள்ளும் இடமில்லை.

அது அவள் மகனைப் பற்றி. ஏழு வயது. பள்ளி விட்டதும் வேன் அவனை இங்கேதான் இறக்கிவிடும்; வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அவன் அப்பா வேறு ஊரில்; அங்கே இவர்களுக்கு இடமில்லை. வராந்தாக் கோடியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, சத்தம் போடாமல் படம் வரைந்துகொண்டிருப்பான். உலகத்தில் அவள் எரிந்து விழாத ஒரே ஆள் அவன். அவனிடம் பேசும்போது மட்டும் அவள் குரல் வேறொருத்தியுடையது போலிருக்கும்.

அதனால் இன்று மத்தியானம் அந்தக் கசங்கலைப் பார்த்ததும் நேரே கேமராக்காரரிடம் போனாள். அவளைவிட வயதில் மூத்தவர், யாரிடமும் அதிர்ந்து பேசாதவர். என் பிழைப்பில் மண்ணைப் போட உங்களுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது வரை கேட்டுவிட்டாள். அவர் முகம் சுண்டிப் போயிற்று.

"கதவைப் பூட்டிட்டுத்தானேம்மா சாப்பிடப் போனோம்," என்றார். "சாவி உன்கிட்டதான் இருக்கு."

கைப்பையில் கையை விட்டாள். சாவி இருந்தது. அறையை வேறு யாரும் திறந்திருக்க முடியாது. ஆனால் பயப்படுவதைவிடக் கோபப்படுவது அவளுக்குச் சுலபம். ஏசி காற்று பட்டுக் கசங்கியிருக்கும் என்று அவர் சொன்ன சமாதானத்துக்கும் ஒரு பாட்டு விட்டுவிட்டு, அயர்ன் பாக்ஸைத் தேடிப் போனாள்.

ஜெர்சியைக் கொடுத்த பெரியவர் சொல்லித்தான் கொடுத்திருந்தார். துவைக்க வேண்டாம், தேய்க்க வேண்டாம், கசங்கல் கசங்கலாகவே இருக்கட்டும். அவளும் சரி சார் சரி சார் என்று தலையாட்டியிருந்தாள். இரவல் கொடுக்கிறவர்கள் எல்லாருக்கும் இப்படி ஏதாவது ஒரு கிறுக்கு இருக்கும்.

கேமரா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஜெர்சியைக் கழற்றி மேஜையில் குப்புற விரித்தாள். அறையில் விளக்குகளின் சூடும், கறுப்புத் திரைச்சீலையின் தூசி வாசமும், பழைய பருத்தித் துணிக்கு மட்டுமே உள்ள ஒரு புளித்த வாசமும் இருந்தன. கசங்கல் மேல் உள்ளங்கையை வைத்தாள். அயர்ன் பாக்ஸ் இன்னும் தொடவே இல்லை, ஆனால் அந்த இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. ஒருவர் வெகுநேரம் பிடித்திருந்த பேருந்துக் கம்பியில் அடுத்தவர் கை வைத்தால் இருக்குமே, அந்தச் சூடு. அவள் கையை எடுத்துக்கொண்டாள். எடுத்த கையின் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. நீராவியைத் திருகி விட்டு, அயர்ன் பாக்ஸை வைத்து அழுத்தினாள்.

துணி வழிவிடவில்லை. ஒரு சுருக்கம் நிமிர்ந்தால் பக்கத்தில் இன்னொன்று இறுகியது. புஸ்ஸென்று நீராவி எழுந்து முகத்தில் அடித்தது. அதில் வியர்வை வாடை, இந்த அறையில் யாருடையதும் இல்லாத வியர்வை. டீம் லீடரின் சிரிப்பை நினைத்துக்கொண்டாள். மகன் பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பதை நினைத்துக்கொண்டாள். இரண்டு கையாலும், உடம்பு பாரம் முழுவதையும் போட்டு, பல்லைக் கடித்து, அங்கேயே வைத்து அழுத்தினாள். ஜெர்சி ஒரு வெட்டு வெட்டியது. பிறகு எல்லாச் சுருக்கமும் ஒரே நேரத்தில் இளகி, முதுகு தண்ணீர்போலப் பரவிவிட்டது.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. திரைச்சீலைப் பக்கமிருந்து. நெட்டி முறிக்கிற சத்தம். நிதானமாக, ஒவ்வொரு விரலாக, ரொம்ப நாள் மடக்கியே வைத்திருந்த கையை ஒருவர் விரித்துப் பார்ப்பதுபோல.

சூட்டில் மேஜைப் பலகை வெடிக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கேமராக்காரரைக் கூப்பிட்டாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமலே படமெடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் சட்டை கணினியில் ஏறியது. ஆட்டக்காரன் ஓடினான், முதுகு கொடிபோலப் படபடத்தது. டீம் லீடர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்கு இருந்தது.

அயர்ன் பாக்ஸை ஒரு கையிலும் ஜெர்சியை மடித்து வைத்த அட்டைப் பெட்டியை ஒரு கையிலுமாக எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். மகன் தண்ணீர் குடித்துவிட்டு அவளுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தான். வெள்ளைப் பள்ளிச் சட்டை, ஒருபக்கம் வெளியே வந்து தொங்கியது. ஆள் நடமாட்டம் தெரிந்தால் எரிகிற விளக்குகள் அவன் நடக்க நடக்க ஒவ்வொன்றாக எரிந்தன. அவன் நின்றான்.

"இழுக்காதேம்மா," என்றான்.

அவள் அவன்மேல் படவே இல்லை. இவ்வளவு நேரம் அடக்கி வைத்த அத்தனையும் அந்த ஒரு வார்த்தையில் போய் முட்டிக்கொண்டது. உன்னால்தான் நான் இங்கே எல்லாரிடமும் பேச்சு வாங்குகிறேன், நீயும் சேர்ந்து ஆரம்பிக்காதே, பேசாமல் போய் உட்கார் என்று கத்தினாள். அவன் திரும்பிப் பார்த்தான். அவள் இரண்டு கையையும் பார்த்தான். முகம் கோணி, ஆனால் அழாமல், பெஞ்சுக்குப் போனான்.

நாற்காலியில் வந்து உட்கார்ந்ததும் அவளுக்குத் தன்னையே பிடிக்கவில்லை. சீக்கிரம் முடித்துவிட்டுப் போய் அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள். திறந்திருந்த படங்களை மூடிக்கொண்டே வந்தாள். கடைசியில், நிறம் பார்ப்பதற்காக வைத்திருந்த பழைய பத்திரிகைப் படம். ஓடுகிற ஆட்டக்காரன், பின்னால் இழுபட்டுக் கூம்பிய அதே ஜெர்சி. தேவையான பகுதியை மட்டும் வெட்டிக்கொள்வது அவர்கள் வழக்கம். சட்டை போதும், ஆள் எதற்கு. பிடித்து இழுத்த எதிரணிக்காரன் வெட்டுப்பட்டுப் போயிருப்பான் என்று அவள் இத்தனை நாளும் எண்ணியிருந்தாள். முழுப் படத்தையும் திறந்தாள்.

பின்னால் ஒருவரும் இல்லை. வெறும் புல். மற்ற ஆட்டக்காரர்கள் எல்லாம் எட்டத்தில், ஓடாமல், நின்று இவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்து எங்கேயோ கிடந்தது. அவன் கழுத்து பின்னால் திரும்பியிருந்தது. வாய் திறந்திருந்தது.

படத்தை மூடிவிட்டுப் போனை எடுத்தாள். பெட்டியை நாளை அனுப்புகிறேன் என்று பெரியவரிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவர் உடனே எடுத்தார். பெட்டியைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"கசங்கல் அப்படியே இருக்குல்லம்மா?"

"தேச்சுட்டேன் சார்," என்றாள். குரலை உயர்த்திக்கொண்டாள். "சட்டைன்னா தேய்க்கத்தான் செய்வாங்க."

திட்டுவார் என்று காத்திருந்தாள். பதிலுக்குத் திட்டத் தயாராகவும் இருந்தாள். அவர் திட்டவில்லை. பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல, ரொம்பத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அப்ப அது இப்போ எதைப் பிடிச்சிருக்கு?"

நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் மோதியது. அவள் ஓடினாள்.

வராந்தா இருட்டாக இருந்தது. கோடியில் மட்டும் வெளிச்சம். பெஞ்சுக்கு மேலே ஒரு விளக்கு. அதற்கும் அப்பால், மாடிப்படி இறங்குகிற இடத்தில், ஒருவரும் இல்லாத இடத்தில், இன்னொரு விளக்கு.

மகன் நின்றுகொண்டிருந்தான். அவளைப் பார்த்து. நுனிக்காலில். குதிகால் தரையில் படவில்லை. முன்பக்கம் சட்டை உடம்போடு ஒட்டி இறுகியிருந்தது. காலர் தொண்டையில் பதிந்திருந்தது. அவன் நடக்கப் பார்த்தான். கால் நகர்ந்தது. அவன் நகரவில்லை.

பிறகு நகர்ந்தான். பின்னோக்கி. ஒரு அடி.

எட்டிச் சட்டையின் முன்பக்கத்தைப் பிடித்துவிட்டாள். இழுத்தாள். அந்தப் பக்கமும் இழுத்தது. காலர் இன்னும் உள்ளே போயிற்று. அவன் முகம் கறுத்தது. விட்டால் படிக்கட்டு. இழுத்தால் கழுத்து. "விடுடா," என்றாள். "என் பிள்ளைய விடுடா நாயே." வாழ்க்கையில் யாரிடமும் சொல்லாத வார்த்தைகளெல்லாம் வாயில் வந்தன. எதிரே பதில் இல்லை, மூச்சில்லை, முகமில்லை. அவ்வளவு கோபத்தையும் வாங்கிக்கொள்ள அங்கே ஆளே இல்லை.

ஜெர்சியை என்ன செய்தாளோ அதையே செய்தாள். இரண்டு கையாலும், பல்லைக் கடித்து. பட்டன்கள் தெறித்தன. ஒரு கையை உருவினாள், மறு கையை உருவினாள், பனியனைக் கிழித்தாள், பிள்ளையைச் சட்டைக்குள்ளிருந்து பிடுங்கி எடுத்து அவனோடு தரையில் விழுந்தாள்.

சட்டை விழவில்லை. அந்தரத்தில், முதுகுப் பக்கம் கொத்தாகக் கூடி, தொங்கிக்கொண்டிருந்தது. சட்டைக் கைகள் இரண்டும் ஆடி நின்றன. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். சுருக்கங்கள் மெதுவாக இளகின. சட்டை நழுவித் தரையில் விழுந்தது.

மகன் இழுத்து இழுத்து மூச்சு விட்டான். உயிரோடு இருந்தான். அவள் அவனை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஒன்றுமில்லைடா, அம்மா இருக்கேன், இனிமே கத்தவே மாட்டேன் என்று அவன் உச்சந்தலையில் வாயை வைத்துச் சொன்னாள். அவள் உடம்பிலிருந்த கோபமெல்லாம் வடிந்துகொண்டிருந்தது. அவன் முதுகை நீவினாள். வெற்று முதுகு, வியர்த்து, எலும்பு தெரிய.

தோள்பட்டைகளுக்கு நடுவில் கை வந்தபோது நின்றது.

அந்த இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. அவள் உள்ளங்கைக்கு அடியில், அவசரமே இல்லாமல், பிள்ளையின் தோல் கொத்தாகக் கூடத் தொடங்கியது.