அலுவலர் நகரின் ஏழாம் விதி

மிதுனா வீட்டு வாசல்நிலைக்கு மேலே இருந்த விளக்கு இன்றும் பச்சையாகவே எரிந்தது. எதிர்வீட்டு கேட்டுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கோகிலவாணிக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. காலை ஆறரைக்கு வண்டி வந்து இரண்டு மூட்டை பனியனை இறக்கிவிட்டுப் போனதை அவள் கண்ணாலேயே பார்த்தாள். மிதுனா வாசற்படியில் உட்கார்ந்து பிசிறு வெட்டத் தொடங்கியதையும் பார்த்தாள். தைத்து வந்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைச் சின்னக் கத்தரியால் நறுக்குகிற வேலை அது. திருப்பூரில் 2061-இல் வெட்டுவது, தைப்பது, மடிப்பது எல்லாவற்றையும் இயந்திரமே செய்தது. இந்த ஒன்றுக்கு மட்டும் இன்னும் மனித விரல் வேண்டியிருந்தது.

அந்த விளக்கு புழக்கமானியுடையது. பொத்தான் அளவுக் கருவிதான். வீட்டுக்குள் எழும் சத்தம், அடுப்புச் சூடு, காலடி அதிர்வு ஆகியவற்றை வைத்து அங்கே என்ன நடக்கிறது என்று அதுவே பிரித்துவிடும். சமையல், குளியல், விருந்தாளி, தூக்கம், குழந்தை அழுகை, புருஷன் பெண்டாட்டி சண்டை எல்லாம் வீட்டுப் புழக்கம். அது பாதிக்கு மேல் இருந்தால் விளக்கு பச்சை, குறைந்தால் சிவப்பு, சிவப்புக்குக் கீழே விழுக்காட்டு எண்ணும் தெரியும். சிவப்பு விழுந்த வீட்டுக்கு முப்பது நாள் கெடு. அதற்குள் பச்சைக்குத் திரும்பாவிட்டால் குடியிருப்பு உரிமை போய்விடும், மாநகராட்சி வந்து கதவுக்குச் சீல் வைத்துவிடும்.

அலுவலர் நகர்க்காரர்கள் இந்தக் கருவியைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். 1979-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து இங்கே நாற்பத்திரண்டு மனை வாங்கியவர்கள் அத்தனை பேரும் பின்னல் மிஷின் சத்தத்தில் தூக்கம் கெட்டவர்கள். அதனால் ஏழாம் விதி என்று ஒன்றை எழுதினார்கள்: ‘இங்கு வீடுகள் மட்டும்.’ எண்பது வருடத்தில் மற்ற பதினொரு விதிகளையும் காற்றில் விட்டாயிற்று. பொதுக்கிணறு மூடப்பட்டது, பூங்காவுக்கு விட்ட இடத்தில் செல்போன் கோபுரம் முளைத்தது, யாரும் வாய் திறக்கவில்லை. ஏழாம் விதி மட்டும் சாகவில்லை. பக்கத்து வீட்டுக்காரனை அடிக்க அது ஒன்றுதான் கைக்கு வாகாக இருந்தது.

கோகிலவாணி பதினோரு வருடமாகச் சங்கச் செயலாளர். ஒரு ஹோமியோபதி டாக்டர், ஒரு பாட்டு டீச்சர், இரண்டு மாவு வியாபாரிகள் என்று இதுவரை நான்கு பேரைக் கிளப்பியிருக்கிறாள். ஐந்தாவதாக மிதுனா. மாமனார் விட்டுப்போன வீடு, லாரியில் போனால் பத்து நாள் கழித்து வருகிற புருஷன், எட்டு மாதக் கைக்குழந்தை.

கோகிலவாணி தெருவைக் கடந்து போய் நின்றாள்.

"ஏம்மா, இது வீடா, குடோனா?"

"வீடுதானுங்க."

"மூட்டை மூட்டையா எறங்குது?"

"புள்ளைய மடில போட்டுட்டுத்தான் வெட்டறனுங்க. லைட்டு பச்சையாத்தான எரியுது. அதுக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியலீங்களா?"

மிதுனா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கத்தரி நறுக் நறுக்கென்று போய்க்கொண்டே இருந்தது. கோகிலவாணிக்குக் காது மடல் சூடேறியது. இந்த நகரில் அவளை இப்படி யாரும் மடக்கியதில்லை.

வீட்டுக்கு வந்து கருவியின் கையேட்டை வரிவரியாகப் படித்தாள். மெஸ்ஸிலிருந்து வந்த சாப்பாட்டு டப்பா மேசையில் ஆறிக்கொண்டிருந்தது. சேலத்திலிருந்து மகள் கூப்பிட்டாள். "கண்ணு, வேலையா இருக்கேன், அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். மூன்றாவது தடவை படிக்கும்போது ஓட்டை தெரிந்தது. தூக்கம். தூங்குகிற எட்டு மணி நேரமும் வீட்டுப் புழக்கக் கணக்கில் இரட்டிப்பாக ஏறுகிறது. குழந்தை வேறு பகலெல்லாம் தூங்குகிறது. அதனால்தான் அந்தக் கழுதை விளக்கு பச்சையாக எரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஹாலிலேயே சங்கக் கூட்டம் கூடியது. எப்போதும் அங்கேதான் கூடும். சோபாவை விற்று இருபது பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டு வெகுநாளாயிற்று. எது வீடு, எது கடை என்று வகை பிரிக்கிற மனைவகை அலுவலர் ஹரிவர்தன் மாநகராட்சியிலிருந்து வந்திருந்தார். ஒல்லியான ஆள், குரலை உயர்த்தாத ஆள்.

"தூக்கத்தைக் கழிச்சுருங்க" என்றாள் கோகிலவாணி. "கம்பெனி வாட்ச்மேன்கூடத்தான் கம்பெனில தூங்கறான். அதுக்காக அது வீடாயிருமா?"

கைதட்டல் எழுந்தது.

"முழிச்சிருக்கற நேரத்தை மட்டும்தான் எடுக்கணும். போன தொண்ணூறு நாளைக்கும் சேர்த்துப் பார்க்கணும். இல்லேன்னா இன்னிக்கே மூட்டைய ஒளிச்சு வெச்சு நாடகம் ஆடுவா. யாருக்கும் விலக்குக் கிடையாதுன்னும் எழுதிக்கங்க."

ஹரிவர்தன் எழுதுவதை நிறுத்தினார். "அம்மா, விலக்கு இல்லேன்னா எல்லா ஊட்டுக்கும் சேர்த்துத்தானுங்க. நல்லா யோசிச்சுக்கங்க."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நாங்க என்ன கம்பெனியா நடத்தறோம்?"

ஒருவர் பாக்கியில்லாமல் கை தூக்கினார்கள். மிதுனா மட்டும் கடைசி நாற்காலியில், தோளில் தூங்கும் குழந்தையோடு, கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தாள். "எங்கள எங்க போகச் சொல்றீங்க?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். எல்லோரும் அதற்குள் வாசலில் செருப்பைத் தேடத் தொடங்கியிருந்தார்கள்.

மறுநாள் பத்து மணிக்குத் திருத்தம் அமலுக்கு வந்தது. தெரு முழுக்க வெளியே வந்து நின்றது. கோகிலவாணி இஸ்திரி போட்ட சேலையில் வந்து, மிதுனாவின் வாசல் விளக்கையே பார்த்தாள்.

அது பச்சையாகவே எரிந்தது.

"கருவி கெட்டுப்போச்சு" என்றாள்.

"கெடலீங்க." ஹரிவர்தன் கையிலிருந்த மின்பலகையைப் பார்த்துப் படித்தார். "புள்ளைக்குப் பால் குடுத்தது, மூணு வேளை சமையல், துணி தொவைச்சது, லாரில இருக்கற ஊட்டுக்காரரோட போன்ல சண்டை, தாலாட்டு. வெட்டற நேரத்துலயும் புள்ளைகூடப் பேசிட்டே இருந்திருக்காங்க. வீட்டுப் புழக்கம் அறுபத்தொண்ணு விழுக்காடு."

தெருவில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். மிதுனாவைப் பார்த்து அல்ல. எல்லாத் தலைகளும் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தன. கோகிலவாணியும் திரும்பினாள்.

அவள் வாசலில் சிவப்பு எரிந்தது.

ஹரிவர்தன் குரலை உயர்த்தாமலே படித்தார். "நாள் ஒண்ணுக்கு கேட்டுகிட்ட உக்காந்து கண்காணிச்சது அஞ்சு மணி நேரம். புகார் எழுதினது ஆறு. விசாரணை, கூட்டம் நாலு. அடுப்பு எரிஞ்சது பதினோரு நிமிஷம், டீக்கு. தொண்ணூறு நாள்ல சங்க வேலை இல்லாம வந்துபோன ஆள் யாருமில்ல. வீட்டுப் புழக்கம் ஆறு விழுக்காடு. வகை, அலுவலகம்."

"நான் இங்கதான் தூங்கறேன்" என்றாள் கோகிலவாணி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

"வாட்ச்மேனும் தூங்கறாருங்களே" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. பதினோரு வருடமாக அவளுக்குத் தலையாட்டிய பொருளாளரின் குரல் அது. சிலர் சிரித்தார்கள். மிதுனா சிரிக்கவில்லை. படியில் உட்கார்ந்து அடுத்த பனியனை எடுத்தாள்.

"முப்பது நாள் இருக்குங்க" என்றார் ஹரிவர்தன், கொஞ்சம் இரங்கியே. "சமைங்க. நாலு பேரைச் சாப்பிடக் கூப்பிடுங்க. மகள் வந்து தங்கட்டும். ஏறீரும்."

கோகிலவாணி யாரையும் பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். ஹாலில் இருபது நாற்காலியும் நேற்றுப் போட்டபடியே கிடந்தன. சாப்பிடக் கூப்பிட நாலு பேர் என்று யோசித்துப் பார்த்தாள். நாற்பத்திரண்டு வீட்டிலும் அவள் நோட்டீஸ் அனுப்பாத வீடு ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. அழுகை வந்துவிடுமோ என்று பயந்துபோய், மேசை முன் உட்கார்ந்து தாளை எடுத்தாள். ‘மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு, எங்கள் நகரின் புழக்கமானியில் உள்ள கோளாறு குறித்து’ என்று தொடங்கியதும் அந்தப் பயம் போய்விட்டது.

போன் அடித்தது. சேலத்து மகள்.

"அம்மா, என்னமா ஆச்சு? யாரோ என்னென்னமோ சொல்றாங்க. நான் கெளம்பி வரட்டுமா?"

"இப்ப வேண்டாம் கண்ணு. வேலையா இருக்கேன், அப்பறம் பேசறேன்."

வைத்துவிட்டுப் பேனாவைப் பிடித்தாள். வாசல்நிலைக்கு மேலே, சிவப்புக்குக் கீழே, ஆறு என்றிருந்த எண் ஐந்தாக மாறியது. கோகிலவாணி அதைப் பார்க்கவில்லை. கடிதத்தில் இரண்டாவது பத்தி தொடங்கியிருந்தது.