லேத் சாய்ந்தால் யார் பிடிப்பது?

அப்பா வாங்கிய பழைய லேத்தின் எடை எழுநூறு கிலோ. என் எடை இருபத்தெட்டு. ஆகவே அதை வீட்டுக்குக் கொண்டுவரும் வேலையில் எனக்குக் கொடுத்த பொறுப்பு, ஓரமாக நிற்பது. அதையும் நான் ஒழுங்காகச் செய்யவில்லை.

லேத் என்றால் இரும்பைக் கடையும் இயந்திரம். இரும்புத் தண்டைக் கவ்விச் சுழற்றும். கூர்மையான உளியை அருகே கொண்டுபோனால், இரும்பு சுருள் சுருளாக உதிரும். என் அப்பா தசரதனுக்கு இருபது வருடமாக அதுதான் வேலை. அவர் வேலை பார்த்த பட்டறையை ஆறு மாதத்துக்கு முன்பு மூடிவிட்டார்கள். கொஞ்ச நாளாக அம்மாவின் காதில் தோடு இல்லை. எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. கலசப்பாக்கத்திலிருந்து குட்டி யானை என்கிற சின்ன லாரியில் லேத் வந்தபோது எனக்கே புரிந்துவிட்டது.

கூடவே பழனி மாமாவும் வந்தார். அப்பாவோடு அதே பட்டறையில் இருந்தவர். போன வருடம் ஓர் இயந்திரத்தை இடம் மாற்றும்போது அது சாய்ந்தது. இவர் தாங்கிப் பிடிக்கப் போனார். இப்போது அவருக்கு வலது முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தபோது, என்ன பேசுவது என்று தெரியாமல் “வலிக்குதா மாமா?” என்று கேட்டேன். நான் கேட்ட முட்டாள் கேள்விகளில் அதற்குத்தான் முதல் பரிசு.

“இல்லாத கால்தாம்மா வலிக்குது” என்றார்.

அதற்குப் பிறகு பல நாள், என் கால் இருக்கிறதா என்று போர்வைக்குள் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தூங்கினேன்.

வண்டி தெருமுனையிலேயே நின்றுவிட்டது. தெருவுக்குள் நெசவுக்கார வேணுகோபால் மாமா பாவு நீட்டியிருந்தார். பட்டுப் புடவைக்கு நீளவாக்கில் ஓடும் ஆயிரக்கணக்கான இழைகள்தான் பாவு. அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, நடுநடுவே இரண்டு கால் கொண்ட மூங்கில் கவைகளில் தாங்கி நிறுத்தி, அறுந்த இழைகளை முடிச்சுப் போடுவார்கள். அது முடியும்வரை எந்த வண்டியும் உள்ளே வராது. மந்திரி வந்தாலும் நடந்துதான் வரவேண்டும்.

வண்டிக்கார தணிகாசலம் அண்ணன் காத்திருக்க மாட்டேன் என்றார். ஜல்தியாக இறக்கு, போளூரில் அடுத்த லோடு இருக்கிறது என்று முணுமுணுத்தார். எனவே தெருமுனையில் இறக்கி, இரும்புக் குழாய்கள் மேல் உருட்டிக்கொண்டு போவது என்று முடிவானது. எங்கள் வீடு ஆறாவது வீடு. தெருவிலிருந்து எட்டுப் பேர் உதவிக்கு வந்தார்கள்.

பலகைச் சரிவில் கயிறு கட்டி லேத்தை மெதுவாக இறக்கினார்கள். நல்லபடியாகவே இறங்கியது. கனத்தைக் குறைக்க அதிலிருந்து கழற்றி வைத்திருந்த ஓர் இரும்புத் துண்டு மட்டும், வண்டி விளிம்பிலிருந்து நழுவியது. முப்பது கிலோ இருக்கும். அந்தக் கணம் எட்டுப் பேரும் ஒன்றாகக் கையை நீட்டினார்கள். அவர்களில் ஒருவரான கமலக்கண்ணன் அண்ணனின் கட்டைவிரல் நகம் நீலமாகிவிட்டது. விரலை உதறிக்கொண்டே அவர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 

எங்கள் தெருவில் எது விழுந்தாலும் பிடிப்பார்கள். கவை சாய்ந்தால் பாவு மண்ணில் படும், பட்டால் ஒரு மாத உழைப்பு போகும். அதனால் யார் வீட்டுப் பாவு என்று பார்க்காமல், பக்கத்தில் இருப்பவர் கை நீட்டிவிடுவார். இரண்டு வயதிலிருந்து பழகிய கை. யோசித்து நீள்வதில்லை. பட்டுக்கு அது நல்ல கை. எழுநூறு கிலோவுக்கு?

அப்பாவோ, லேத் சாயாமல் பார்த்துக்கொள்ள இந்தப் பக்கம் நால்வர், அந்தப் பக்கம் நால்வர் என்று நிறுத்திக்கொண்டிருந்தார்.

சாய்ந்தால் எல்லோரும் பிடிக்கப் போவார்கள் என்று நான் அவரிடம் சொல்லிப் பார்த்தேன். ஓரமாப் போய் நில்லு என்றார். நேராக வேணுகோபால் மாமாவிடம் போனேன்.

“மாமா, லேத் போறதுக்கு உங்க கவையோட காலுங்க இடிக்கும். நடுவுல இருக்கிற கவையெல்லாம் எடுத்துட்டு, ஆளுங்கள கையால தாங்கச் சொல்லுங்க. அதோ, எட்டு பேர் சும்மா நிக்கிறாங்க.”

அவர் என்னையும் பார்த்தார், லேத்தையும் பார்த்தார். பிறகு பாவு தாங்க ஆள் வேண்டும் என்று ஒரு குரல் கொடுத்தார். எங்கள் தெருவில் அந்தக் குரலுக்கு யாரும் மறுப்பு சொல்வதில்லை. எட்டுப் பேரும் போய்விட்டார்கள்.

அப்பாவுக்கு வந்த கோபத்தில் காதே சிவந்தது. “ஆளுங்கள கலைச்சி உட்டுட்டியே. இன்னா வெளையாடிகினு இருக்கியா?”

“அப்பா, இது சாஞ்சா நீ இன்னா பண்ணுவ?”

“பிடிப்பேன்.”

கொஞ்சமும் யோசிக்காமல் சொல்லிவிட்டார். பழனி மாமா ஊன்றுகோலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். அந்தச் சின்னச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. 

“அப்போ உன் கை அதுக்கு எட்டாத எடத்துல இருக்கட்டும்” என்றேன்.

 அப்பா வண்டியிலிருந்து நீளக் கயிற்றை எடுத்தார்.

லேத்தின் அடிப்பாகத்தில் கயிற்றைக் கட்டி, இருபதடி தள்ளி நின்று அப்பாவும், வேறு ஆள் இல்லாததால் போளூர் லோடைத் தள்ளிப்போட்ட தணிகாசலம் அண்ணனும் இழுத்தார்கள். எட்டுப் பேரும் பாவுக்கு அந்தப்புறம் நின்றதால், லேத்தின் இரண்டு பக்கமும் ஆளில்லை. பின்னால் கழன்ற குழாயை, லேத் அசையாமல் நின்ற பிறகே எடுத்து முன்னால் போட்டார்கள். எப்போது நிறுத்துவது என்று பழனி மாமா சொன்னார். ஒரு வீட்டைத் தாண்ட பத்து நிமிடம். நான் ஓரமாக நின்றேன். இப்போது அது நல்ல வேலையாகத் தெரிந்தது.

நான்காவது வீட்டு வாசலில், சாக்கடையை மூடியிருந்த கல் உடைந்தது.

இவ்வளவு கனம் படாரென்று விழும் என்று நினைத்திருந்தேன். இல்லை. தூக்கம் வந்தவர் பக்கத்துத் தோளில் சாய்வதுபோல, மெதுவாகச் சாய்ந்தது. அதுதான் பயங்கரம். ஓடிப்போய்ப் பிடித்துவிடலாம் என்று யாருக்கும் தோன்றும்.

எட்டுப் பேரின் உடம்பும் ஒரு முறை முன்னால் வந்தது. ஆனால் கையில் பட்டு இருந்தது. “பாவு” என்றார் வேணுகோபால் மாமா, மெதுவாக. யாரும் நகரவில்லை.

அப்பா நகர்ந்தார். கையில் கயிற்றோடு, லேத்தை நோக்கி ஓர் அடி வைத்தார். இன்னோர் அடி.

கத்த நினைத்தேன்.  வந்தது இவ்வளவுதான்:

“அப்பா, வுட்டுடு.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கயிற்றை விட்டார்.

லேத் சாக்கடைப் பக்கமாக விழுந்தது. என் காலுக்குக் கீழே தெரு அதிர்ந்தது. கல் துண்டுகள் எதிர்ச்சுவரில் போய்த் தெறித்தன. 

பழனி மாமா தத்தித் தத்தி வந்து, லேத் படுத்திருந்த இடத்தை வெகுநேரம் பார்த்தார். அந்தப் பக்கத்தில் ஆள் நிறுத்தியிருந்தால் நிற்க வேண்டிய இடம் அது.

“நாலு பேரு” என்றார்.

   எட்டுப் பேர் கையிலும் தெரு நீளத்துக்கு மொத்தப் பாவும் நடுங்குவதை நான் பார்த்தேன்.

அப்பா கீழே உட்கார்ந்துவிட்டார். அம்மா வந்து அவர் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கயிறு உராய்ந்த கோடு மட்டும்தான் இருந்தது.

நடுப்பகலில் பாவைச் சுருட்டி எடுத்த பிறகு, மூன்று கம்பங்களை முக்காலியாக நிறுத்திச் சங்கிலிக் கப்பியால் லேத்தைத் தூக்கி, அதே நீளக் கயிற்றால் இழுத்து வீடு சேர்த்தார்கள். ஒரு கைப்பிடி முறிந்திருந்தது. வேறு பெரிய சேதம் இல்லை.

மூன்றாம் நாள் கரண்ட் கொடுத்தார்கள். அப்பா ஒரு துண்டு இரும்புத் தண்டைக் கவ்வ வைத்தார். சுருள் சுருளாக இரும்பு உதிர்ந்தது. முதல் வேலை யாருக்கு என்று கேட்டேன்.

“அதுக்கேதான்” என்றார் அப்பா.

எங்கள் லேத் கடைந்த முதல் பொருள், அதன் சொந்தக் கைப்பிடி. பழனி மாமா அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, லேசா ஆடுது தசரதா என்று குறை சொன்னார். அப்பா இன்னொரு தண்டை எடுத்தார். இரண்டாவது கைப்பிடி ஆடவில்லை.