கட்டு அவிழ்த்த ஏழாம் நாள்

1938, செவ்வாய்க்கிழமை, மாலை நாலரை மணி. ஆரியசாலையில், கொப்பரை மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கியில், வியாபாரி பகவதிப்பெருமாள் மண்டை பிளந்து கிடந்தார். தடுக்க நீட்டிய கையில் மூன்று விரல்கள் இல்லை. வெட்டுக்கத்திக்குப் பக்கத்தில் கிடந்தன. சுவரெல்லாம் ரத்தம்.

இன்ஸ்பெக்டர் ராமசுப்ரமணியன் வந்தபோது வாசலில் இன்னொரு கொலை நடக்கவிருந்தது. மூட்டை சுமக்கும் திரவியத்தைத் தூணில் கட்டி, வாயில் துணி அடைத்து, கூட்டம் அடித்துக்கொண்டிருந்தது. அவனுடைய மஞ்சள் சட்டை கிழிந்து தொங்கியது. லத்தியைச் சுழற்றித்தான் அவரால் கூட்டத்தை விலக்க முடிந்தது.

“பழவங்காடியில இருந்து வந்து பாத்தா, அண்ணன் துடிக்காரு ஏமானே,” என்று செத்தவரின் தம்பி பூதலிங்கம் அழுதான். “மடியில தூக்கிக் கிடத்தினேன். அப்படியே உசிரு போச்சு. அண்ணன் மக செல்லபாய் கண்ணால கண்டிருக்கா. அவளே இவனைக் கை காட்டினா.”

இன்ஸ்பெக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி.

செல்லபாய்க்குப் பத்தொன்பது வயது. பிறவியிலேயே கண்ணில் புரை. போன மாதம் அறுவை செய்து, கட்டு அவிழ்த்து ஏழே நாள். இன்ஸ்பெக்டர் எதிரில் போய் நின்றார். அவள் பார்வை அவர் காக்கி மேல் அலைந்தது. “அம்மா,” என்று அவர் கூப்பிட்டதும்தான் அவள் முகம் நிமிர்ந்தது.

ஒரு சாவியையும் பாக்குவெட்டியையும் அவள்முன் வைத்தார்.

“பாக்குவெட்டி எது? தொடாம சொல்லு.”

அவள் உற்றுப் பார்த்தாள். தெரியவில்லை. தொட்டதும் சொல்லிவிட்டாள்.

அடுத்து, திரவியத்தின் மஞ்சள் சட்டையைக் கழற்றி ஒரு கான்ஸ்டபிளுக்கு மாட்டச் சொன்னார். குரலை வைத்து அவள் ஆளைக் கண்டுகொள்ளக் கூடாதென்று, அவன் வாயில் அடைத்த துணியை மட்டும் இன்னும் எடுக்கவிடவில்லை.

“கொன்னவன் யாரு?”

“இவன்தான்!” கான்ஸ்டபிளைக் காட்டினாள்.

“கண்ணு திறந்துட்டுது. ஆனா காணுறது இன்னதுன்னு மூளை இன்னும் படிக்கல,” என்றார் இன்ஸ்பெக்டர். “கைக்குழந்தைக்கே அம்மா முகம் பிடிபட மாசக்கணக்கு ஆகும். இவளுக்கு இப்போ நிறம் தெரியும், அசைவு தெரியும். முகம் தெரியாது. மஞ்சச் சட்டைன்னு யாரு சொன்னது அம்மா?”

“சித்தப்பா. அப்பா அலறல் நின்ன உடனே காதுல சொன்னாவ.”

“கத்தி வீசினது என்ன நிறம்?”

“வெள்ளை. பொறவு... சிவப்பு.”

இன்ஸ்பெக்டர் திரும்பினார். “பூதலிங்கம், பிளந்த தலையை மடியில வச்சவன் வேட்டியில ஒரு சொட்டு ரத்தம் கூட இல்லையே?”

“மா... மாத்திக் கட்டினேன்.”

மாற்றிய துணி கொப்பரைச் சாக்குக்குள் அகப்பட்டது. சட்டையின் மார்பெங்கும் ரத்தத் தெறிப்பு. வேட்டியின் மடிப்பகுதி சுத்தம்.

“தாங்கினவன் மேல ரத்தம் ஊறும். வெட்டினவன் மேலதான் தெறிக்கும்.”

பூதலிங்கம் பாக்குவெட்டியைப் பறித்துச் செல்லபாய் மேல் பாய்ந்தான். லத்தியடி விழுந்தது, மணிக்கட்டு முறிந்தது. “குருடியா இருந்தவரைக்கும் கடை எனக்குன்னாரு! கண்ணு வந்ததும் அவளுக்காம்!” என்று தரையில் கிடந்து கத்தினான்.

திரவியத்தின் வாயிலிருந்து துணியை எடுத்தார்கள். “பாப்பா,” என்றான். குரல் வந்த பக்கம் செல்லபாய் சட்டென்று திரும்பினாள்.

“திரவியண்ணனா? உன்னையா நான்...”

அவனே அவளைக் கைப்பிடித்து, அப்பா கிடந்த கிட்டங்கிக்குள் அழைத்துப் போனான். அப்பாவின் முகத்தை அவள் கண் இன்னும் படித்திருக்கவில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டு, பிளந்த நெற்றிக்குக் கீழே மீசையை விரலால் தேடினாள்.

“அப்பாதான்,” என்றாள்.