ஆரஞ்சு மணக்காத நட்சத்திரங்கள்

பக்கத்து மேசையைப் பார்க்கவே கூடாது என்று பட்டாணி முடிவு செய்திருந்தாள். ஆனால் அவள் கண்கள் அங்கேயே போய் ஒட்டிக்கொண்டன.

பிறந்தபோது பட்டாணி மாதிரி இருந்தாளாம். அப்பா வைத்த செல்லப் பெயர் அது. ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிறகும் யாரும் அதை மாற்றவில்லை.

பள்ளியில் அன்று கிறிஸ்துமஸ் சந்தை. இந்த வருடம் பரிசுகளைப் பெரிய கடையில் வாங்க வேண்டாம் என்று வகுப்பு டீச்சர் சொல்லியிருந்தார். நம் ஊரில் செய்கிறவர்களிடமே வாங்கலாம், யார் செய்தது, அவர்களுக்கு நியாயமான கூலி கிடைத்ததா என்று தெரிந்துகொண்டு வாங்கலாம் என்றார். அதனால் கைவேலை தெரிந்த அப்பா அம்மாக்கள் பள்ளியின் பெரிய அறையில் மேசை போட்டிருந்தார்கள்.

பட்டாணியின் அம்மா தையல்காரர். சட்டை தைத்து மிஞ்சிய துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு, வண்ண வண்ணமாகப் பைகள் தைத்துக் கொண்டுவந்திருந்தார்.

பக்கத்து மேசை, கண்ணாடியின் அப்பாவுடையது. கண்ணாடி பட்டாணியின் உயிர்த்தோழி. மூக்குக் கண்ணாடி எப்போதும் நுனிக்கு வழுக்கி வந்துவிடுவதால் அவளுக்கு அந்தப் பெயர். அவள் அப்பா நட்சத்திர வடிவத்தில் மெழுகுவர்த்தி செய்கிறவர். காயவைத்த ஆரஞ்சுத் தோலை அரைத்து மெழுகில் கலப்பார். வாசலில் நுழையும்போதே கமகமவென்று மணக்கும்.

கூட்டம் எல்லாம் அங்கேதான். அம்மாவின் மேசைக்கு வந்தவர்கள் பையைத் தடவிப் பார்த்தார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள், பிறகு மூக்கு இழுத்த பக்கம் போய்விட்டார்கள். ஒரே ஒருவர் பை வாங்கினார். அதுவும் மெழுகுவர்த்திகளைப் போட்டுக்கொண்டு போக.

சாயங்காலம் கண்ணாடி குதித்துக்கொண்டு வந்தாள்.

"நம்ம மெழுகுவர்த்தி எல்லாம் காலி."

"நம்ம இல்ல, உங்க" என்று திருத்தினாள் பட்டாணி. அவளுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

கண்ணாடியின் முகம் சுருங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் பட்டாணிக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் அம்மாவிடம் புலம்பினாள். மணக்கிற பை ஏன் தைக்கக் கூடாது என்று கேட்டாள். அம்மா சிரித்துவிட்டு, நாளைக்கும் சந்தை இருக்கிறதே, பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் பக்கத்து மேசை மறுபடி நிரம்பியிருந்தது. வரிசை வரிசையாக நட்சத்திரங்கள். பட்டாணிக்கு ஆச்சரியம். நேற்று எல்லாம் தீர்ந்துவிட்டதே?

யாரும் பார்க்காதபோது ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள். ஆரஞ்சு வாசனை இல்லை. புது பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்தால் வருமே, அந்த வாசனை. கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் பாதி கிழிந்த ஸ்டிக்கர் ஒன்று பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது.

இது கடைச் சரக்கு.

'மாட்டினாங்க!' என்று அவள் மனசு துள்ளியது. டீச்சரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கூட்டம் அப்படியே அம்மாவின் மேசைக்குத் திரும்பிவிடும். அவள் டீச்சரைத் தேடி இரண்டு எட்டு வைத்தாள். அப்போது அந்த மேசையிலிருந்து தொங்கிய துணி அசைந்தது. விலக்கிப் பார்த்தாள்.

உள்ளே கண்ணாடி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஓர் அட்டைப்பெட்டி. ஒவ்வொரு மெழுகுவர்த்தியாக எடுத்து, நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பட்டாணியைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

"டீச்சர்கிட்ட சொல்லப் போறியா?"

"சொல்லத்தான் கிளம்பினேன்."

"சொல்லிடு" என்றாள் கண்ணாடி. "சுரண்டிச் சுரண்டி எனக்கு நகமே போச்சு. யாராவது வாங்க வந்தா அவங்க முகத்தைப் பார்க்க முடியல. அதான் இங்க வந்து உட்கார்ந்துட்டேன்."

அவள் மூக்குக் கண்ணாடி முழுக்க ஈரம். துடைக்கலாம் என்றால் விரல் பத்தும் பசை.

பட்டாணிக்குத் துள்ளல் எங்கே போனதென்று தெரியவில்லை. அவளும் உள்ளே நுழைந்து, தன் பாவாடை நுனியால் தோழியின் கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டாள். கண்ணாடி நடந்ததைச் சொன்னாள். நேற்று வெறுங்கையோடு போனவர்களை எல்லாம் நாளைக்கு வாருங்கள் என்று அப்பா சொல்லி அனுப்பிவிட்டாராம். மெழுகு அச்சில் இறுகவே ஒரு நாள் ஆகும். வேறு வழி தெரியாமல் மொத்தக்கடையில் போய் வாங்கி வந்தாராம்.

"இதை யாரு செஞ்சாங்க?" என்று கேட்டாள் பட்டாணி.

"தெரியாது. கடைக்காரருக்கே தெரியாதாம்."

பட்டாணி கண்ணாடியின் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். கண்ணாடியின் அப்பா திடுக்கிட்டுத் திரும்பினார்.

"மாமா, இதை விக்க வேண்டாம். தீர்ந்துபோச்சுன்னு சொல்லிடுங்க. வேணுங்கறவங்களுக்குக் கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வீட்டுலயே கொண்டுபோய்க் கொடுத்துடலாம்."

அவர் மகளின் விரல்களைப் பார்த்தார். பட்டாணியைப் பார்த்தார். அவர் காது சிவந்துவிட்டது.

"மெழுகை நான் ஊத்திடுவேன்மா. திரி வெட்டணும், முடிச்சுப் போடணும், ஒவ்வொரு அச்சுலயும் நட்டு வைக்கணும். நேரமெல்லாம் அதுலதான் போகுது. அதை யாரு செய்வா?"

"நாங்க" என்று சொல்லிவிட்டாள் பட்டாணி. வாயிலிருந்து அது எப்படி வந்ததென்று அவளுக்கே தெரியாது.

சரியாக அப்போதுதான் டீச்சர் வந்து ஒரு நட்சத்திரத்தைக் கையில் எடுத்தார். கண்ணாடியின் அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அது நான் செஞ்சது இல்ல டீச்சர். வெளியில வாங்கினது. செஞ்சது தப்புதான்."

டீச்சர் மெழுகுவர்த்தியை மெதுவாக மேசைமேல் திரும்ப வைத்தார்.

"நீங்க செஞ்சது எப்போ கிடைக்கும்?"

"இந்த வாரக் கடைசியில."

"அப்போ எனக்கு நாலு வேணும். காத்திருக்கேன்."

எல்லோரும் டீச்சரைப் போல இல்லை. சிலர் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். சிலர் முகவரி கொடுத்தார்கள். சிலர் வெறுங்கையோடு போகப் பிடிக்காமல் பட்டாணியின் அம்மாவுடைய மேசைக்கு வந்து, பைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எந்தத் துணி எந்தச் சட்டையில் மிஞ்சியது என்று அம்மா ஒவ்வொன்றுக்கும் கதை சொன்னார். கேட்டவர்கள் சிரித்தபடி வாங்கிக்கொண்டார்கள்.

இதற்காகத்தான் பட்டாணி நேற்றிலிருந்து ஏங்கினாள். ஆனால் அவள் அதைக் கவனிக்கவே இல்லை. கண்ணாடியோடு ஒரு மூலையில் உட்கார்ந்து திரிக்கு நூல் அளந்துகொண்டிருந்தாள். பைகள் தீர்ந்துகொண்டே வருகின்றன, இன்னொரு மூட்டையைப் பிரி என்று அம்மா கூப்பிட்ட பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

அந்த வாரம் முழுவதும் பள்ளி விட்டதும் பட்டாணி நேரே கண்ணாடி வீட்டுக்குப் போனாள். சமையலறை மேசைமேல் அச்சுகள் வரிசையாக இருக்கும். இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து திரி கட்டுவார்கள். பட்டாணி கட்டிய திரிகள் முதலில் கோணல்மாணலாக நின்றன. ஒன்று படுத்தே விட்டது. கண்ணாடிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கடைசி நாள், அவள் அப்பா வந்து குனிந்து ஒவ்வோர் அச்சாகப் பார்த்தார். மகள் நட்டு வைத்த திரியைத் தொட்டு, "அடடா, எவ்வளவு நேரா நிக்குது" என்றார். பட்டாணியின் திரியைப் பார்த்து, "இதுவும் பரவாயில்லை" என்றார்.

பரவாயில்லையா?

பட்டாணி உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு நாற்காலியை மேசைக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, அடுத்த திரியை எடுத்தாள்.