பத்தடியில் இருந்த சர்க்கரை

காலை 10.50.

கூடத்துக் கேமராவில் கட்டிலருகே யாரும் இல்லாததைப் போனில் பார்த்துவிட்டு, நிதீஷ் ஆபீஸிலிருந்து பைக்கை விரட்டிக்கொண்டு வந்து நின்றபோது, அப்பா பொங்கியண்ணனின் உடம்பு வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கூப்பிட்டால் பேச்சு மூச்சு இல்லை. சர்க்கரை நோயோடு பக்கவாதமும் வந்து படுத்த மனிதரைப் பார்த்துக்கொள்வதற்கென்றே வைத்திருந்த மெர்சியைக் காணோம்.

அவன் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் வாசல் கேட்டைத் தள்ளிக்கொண்டு மெர்சி மூச்சிரைக்க ஓடிவந்தாள். கையில் ஒரு காகிதப் பொட்டலம். அதைப் பிரித்து ஒரு சிட்டிகை எடுத்துப் பெரியவரின் கன்னத்துக்குள் வைத்துத் தேய்த்தாள். நிதீஷ் அவள் கையைத் தட்டிவிட்டான். தரையில் சிதறியது சர்க்கரை.

ரத்தத்தில் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போயிருந்தது என்றார்கள் மருத்துவமனையில். கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் பிழைத்திருக்க மாட்டாராம். நல்லவேளை, மதியத்துக்குள் கண் விழித்துவிட்டார்.

மாலை 4.00.

சரவணம்பட்டியைத் தாண்டி உள்ளே தள்ளியிருந்த அந்த வீட்டு வாசலில் லோகப்பிரியா ஸ்கூட்டரை நிறுத்தினாள். மெர்சியை அனுப்பிவைத்த துணைநிழல் ஹோம்கேரில் அவளுக்குத் தர ஆய்வு வேலை. வீடு வீடாகப் போய், நோயாளியைச் சரியாகக் கவனிக்கிறார்களா என்று பார்த்து மார்க் போட வேண்டும். கெட்டிக்காரிதான். நகத்தில் இருக்கும் அழுக்கைக்கூட வாசலில் நின்றே கண்டுபிடித்துவிடுவாள் என்று ஆபீஸில் கேலி பேசுவார்கள். இரண்டு மாதத்துக்கு முன்பு இதே வீட்டுக்கு வந்து எல்லாவற்றுக்கும் முழு மார்க் போட்டுவிட்டுப் போனவளும் அவள்தான்.

"முழு மார்க் போட்டவங்களே வந்து பதில் சொல்லுங்கன்னுதான் உங்களை வரச் சொன்னேனுங்க," என்றான் நிதீஷ். "நீங்க சொல்றதைக் கேட்டுட்டு நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன்."

லோகப்பிரியாவுக்குக் காது சுட்டது. கூடத்து மூலையில், முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு மெர்சி நின்றிருந்தாள். புருசன் இல்லாதவள். போத்தனூர்ப் பக்கத்துக் காலனியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். போலீஸ் கேஸ் என்று பேர் விழுந்துவிட்டால் எந்த வீட்டிலும் இனி அவளைப் படி ஏற்ற மாட்டார்கள்.

"இன்சுலின் எப்பப் போட்டே?"

"எட்டு மணிக்குங்க மேடம்."

"சாப்பாடு?"

"குடுக்கலீங்க."

"ஊசியப் போட்டுட்டு ஏன் சாப்பாடு குடுக்கல?"

மெர்சி தலையைக் குனிந்துகொண்டாள். "தப்புத்தானுங்க. தட்டு வந்த பொறவு போட்டிருக்கோணும்."

"பாத்தீங்களா, அவளே ஒத்துக்கறா," என்றான் நிதீஷ். போனில் கூடத்துக் கேமராவின் படத்தை ஓட்டினான். 10.34. மெர்சி கட்டிலிலிருந்து ஓட்டமாகச் சமையலறை வாசலுக்கு வருகிறாள். சட்டென்று நிற்கிறாள். உள்ளே எட்டிப் பார்க்கிறாள். திரும்பிக் கட்டிலைப் பார்க்கிறாள். மறுபடி உள்ளே பார்க்கிறாள். பிறகு வெளியே ஓடுகிறாள்.

"யாராச்சும் இருக்காங்களான்னு நோட்டம் பாத்துப்போட்டு நழுவறா. கேட்டா சர்க்கரை வாங்கக் கடைக்குப் போனேங்கறா. ஏனுங்க, எங்க ஊட்ல சர்க்கரைக்கா பஞ்சம்?"

கேள்வி நியாயமான கேள்வி. லோகப்பிரியா எழுந்து சமையலறைக்குள் போனாள். கதவுக்குப் பூட்டு இல்லை. மேடை மேல் ஹாட்பாக்ஸ். திறந்தால் இட்லி அத்தனையும் வைத்தபடி இருந்தது. அடுப்புக்கு வலப்பக்கம், நீல மூடி போட்ட டப்பா நிறையச் சர்க்கரை. கட்டிலிலிருந்து பத்தடி இருக்குமா? கூடிப்போனால் பன்னிரண்டு.

பின்கதவு வழியே வெளியே வந்தாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், விளிம்பு நசுங்கிய டம்ளர் ஒன்றும் ஒரு தட்டும் கவிழ்த்துக் கிடந்தன. நிதீஷின் பைக் அதை ஒட்டித்தான் நின்றது.

ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் திரும்பிய சாந்தாமணி, நிதீஷின் அம்மா, கல்யாணப் பட்டுப்புடவை கூட மாற்றாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தாள்.

"அவிநாசியில முகூர்த்தமுங்க கண்ணு. அவசரத்துல கெளம்பிட்டேன். இட்லி செஞ்சு வெச்சுப்போட்டுத்தான் போனேன்."

"மெர்சி உங்களுக்குப் போன் பண்ணலீங்களா?"

"பண்ணினாளாட்ட இருக்குது, ஏழெட்டு வாட்டி. லீவு கேக்கத்தான் கூப்புடறான்னு எடுக்கலீங்க."

ஊரைச் சுற்றப் போகிறவள் வீட்டுக்காரிக்கு ஏழெட்டு முறை போன் போடுவாளா? லோகப்பிரியாவின் மனதில் ஏதோ இடறியது. அவள் மெர்சியின் பக்கம் திரும்பினாள்.

"இந்த வீட்டுக்கு வந்து எத்தனை மாசம் ஆச்சு?"

"ஒரு வருசம் ஆகப்போகுதுங்க."

"சர்க்கரை டப்பா எங்க இருக்குன்னு சொல்லு."

மெர்சி விழித்தாள். சமையலறை வாசலைப் பார்த்தாள். சாந்தாமணியைப் பார்த்தாள்.

"தெரியாதுங்க மேடம்."

"மூடி என்ன நிறம்?"

"தெரியாதுங்க."

நிதீஷ் வாயைத் திறக்கப் போனான். லோகப்பிரியா கையமர்த்தினாள். அடடா, இது தனக்கு முதலிலேயே உறைத்திருக்க வேண்டாமா!

"நீல மூடி. அடுப்புக்கு வலப்பக்கம். அது எனக்கு இன்னைக்குத் தெரிஞ்சதில்லீங்க. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை வந்தப்பவே தெரியும். ஒரு வருசமா இங்கயே கெடக்கறவளுக்குத் தெரியல." அவள் சாந்தாமணியைப் பார்த்தாள். "மெர்சி சமையல்கட்டுக்குள்ள போகக் கூடாது. அப்படித்தானுங்களே?"

சாந்தாமணி பட்டுப்புடவையின் மடிப்பை நீவிக்கொண்டாள். லோகப்பிரியாவே தொடர்ந்தாள்.

"தட்டை நீங்கதான் வெளிய எடுத்து வெப்பீங்க. அவ எடுத்து ஊட்டுவா. இன்னைக்கு முகூர்த்த அவசரத்துல வெளிய வெக்க மறந்துட்டீங்க. வழக்கம்போலத் தட்டு வந்துரும்னு இவ ஊசியப் போட்டுட்டா. பொறவு உங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்திருக்கா. கேமராவுல இவ நோட்டம் பாக்கல. நிலைப்படியத் தாண்ட முடியாம நிக்கறா."

"நான் ஒருநாளும் அவளைக் கடிஞ்சு ஒரு வார்த்தை பேசுனதில்லீங்க," என்றாள் சாந்தாமணி. "ஒருக்கா சுடுதண்ணிக்குன்னு உள்ள வந்துட்டா. அன்னைக்கு அடுப்படியக் கழுவி உட்டேன். ஆக்குனதைக் கொட்டிப்போட்டேன். அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவளே வர்றதில்ல."

மெர்சி முதல் தடவையாக நிமிர்ந்தாள்.

"ஐயா கண்ணு சொருகறாங்க, உள்ள போயிருக்கோணும். காலு வரலீங்க மேடம். என் டிபன்ல தோசை இருந்துது. அதை ஐயாவுக்கு எப்படீங்க ஊட்டறது? அதுவும் தப்பாயிட்டா? கடைக்குத்தான் ஓடத் தோணுச்சு. என்னாலதான் அவிய சாகப் பாத்தாங்க."

அவள் அழுதது தன் மேல் இருந்த பழிக்காக அல்ல, அந்தப் பத்தடிக்காக. லோகப்பிரியாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நிதீஷ் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "அந்த டம்ளரை ஒட்டித்தானுங்க தெனமும் பைக்கை நிறுத்தறேன். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அம்மா சமாச்சாரம்னு உட்டுட்டேன்." பிறகு தலையை நிமிர்த்திக் கேட்டான். "மேடம், அன்னைக்கு அரைநாள் இருந்து கையுறை, பெட்ஷீட், பிரஷர் மிஷின் எல்லாம் பாத்தீங்களே. இது உங்க கண்ணுல படலீங்களா?"

பட்டது. அன்று அவள் உள்ளே நுழைந்ததும், "எந்த ஊருங்க அம்மணி, என்ன கூட்டமுங்க?" என்று சாந்தாமணி வழக்கம்போலக் குலம் விசாரித்தாள். லோகப்பிரியாவும் மகிழ்ச்சியாகச் சொன்னாள். "அட, நம்ம சனம். உள்ள வாங்க கண்ணு" என்று சாந்தாமணி அவளைச் சமையலறைக்கே கூட்டிப்போய், நீல மூடியைத் திறந்து, பளபளவென்ற டம்ளரில் காபி கலந்து கொடுத்தாள். அதைக் குடித்துக்கொண்டே பின்கதவு வழியாகப் பார்த்தபோது, மெர்சி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து நசுங்கிய டம்ளரில் குடித்துக்கொண்டிருந்தாள். லோகப்பிரியா பார்த்தாள். காபி நன்றாக இருக்கிறது என்று சொன்னாள்.

"பட்டுதுங்க," என்றாள் இப்போது. "நானும் உங்களை மாதிரித்தான். பாத்துட்டு மார்க் போட்டேன்."

நிதீஷ் ஸ்டேஷன் பேச்சை அப்புறம் எடுக்கவே இல்லை. சாந்தாமணி எதையாவது செய்தாக வேண்டும் என்பதுபோல எழுந்து, "எல்லாருக்கும் காபி வெக்கறேன். மெர்சி, நீயும் உள்ள வா சாமி," என்றாள். மெர்சி அசையவில்லை.

லோகப்பிரியா விறுவிறுவென்று பின்பக்கம் போய் அந்த நசுங்கிய டம்ளரை எடுத்து வந்தாள். "எனக்கு இதுல ஊத்துங்க," என்று நீட்டினாள். பெரிதாக ஏதோ செய்துவிட்டோம் என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது.

மெர்சி அருகில் வந்தாள்.

"அது என் டம்ளருங்க மேடம். ஊட்ல இருந்து நான் கொண்டாந்தது."

கையிலிருந்து அதை வாங்கி, முந்தானையில் துடைத்து, டிபன் டப்பாவோடு பைக்குள் வைத்தாள். "ஐயா கேட்டா, மெர்சி ஆஸ்பத்திரிக்கு வந்து பாக்கறேன்னு சொன்னான்னு சொல்லுங்க. நாளைக்கு இங்க வேற ஆள் அனுப்பிருங்க," என்றாள். கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தாள்.

வேறு ஆள். யாரை அனுப்புவது, அனுப்பும்போது என்ன சொல்லி அனுப்புவது? லோகப்பிரியா வெறுங்கையோடு சமையலறை வாசலில் நின்றாள். உள்ளே சாந்தாமணி நீல மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது.