இரண்டு மஞ்சள் கட்டங்களுக்கு நடுவில்

இதில் வரும் ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. என் இரண்டு கண்கள்மேலும் சத்தியம். கண் போதாது என்பவர்களுக்காக மூக்குக்கண்ணாடியையும் சேர்த்துக்கொள்கிறேன்.

பொழுதுபோக்குப் பூங்காவில், ராட்டினத்துக்கும் கழிப்பறைக்கும் நடுவே ஒரு நாடக அரங்கு. வருடம் முழுக்க ஒரே நாடகம், ஒரு கடலரசனின் கதை. முடிவில் புயல் வரும். தகரத்தைத் தட்டி இடி இடிப்பார்கள். கூரைக் குழாய்கள் நாற்பது விநாடி மழை பொழியும். மேடைக்கு மட்டும் என்று வைத்த மழை, குழாய் ஓட்டையானதால் கடைசி வரிசைக்கும் கிடைத்தது.

கடைசி வரிசையின் நடுவில், தரையில் இரண்டு மஞ்சள் கட்டங்கள். சக்கர நாற்காலிகளுக்கான இடம். இரண்டுக்கும் இடையில், துணைக்கு வருபவருக்காக ஓர் இரும்பு நாற்காலி. நான்கு போல்ட் போட்டுத் தரையோடு முறுக்கியிருந்தார்கள்.

அன்று இடது கட்டத்தில் அவள். பல்செட் செய்பவள். இரும்பு நாற்காலியில் அவள் அண்ணன், மடியில் பாப்கார்ன். நாடகம் தொடங்கப்போகும் நேரத்தில் வலது கட்டத்துக்குள் ஒருவன் வேகமாக உருண்டு வந்தான். அவனுடைய சக்கரம் அண்ணனின் கால் கட்டைவிரலில் ஏறி நின்றது.

"தம்பி... அது என் காலு."

"மன்னிச்சுக்கங்க சார். பிரேக் கொஞ்சம் லேட்டாத்தான் பிடிக்கும்."

"பிடிக்கிற வரைக்கும் இங்கயே நிப்பீங்களா?"

அவள் சிரித்துவிட்டாள். அவன் திரும்பினான்... அவளுக்கு மை தீட்டாத, தூக்கம் போதாத இரண்டு பெரிய கண்கள். பார்த்தவன் காலிலிருந்து சக்கரத்தை எடுக்க மறந்துபோனான். அவளோ அவன் கண்களைப் பார்க்கவே இல்லை. பற்களைத்தான் பார்த்தாள். தொழில் புத்தி.

"மேல கோரைப்பல் உடைஞ்சிருக்கு," என்றாள்.

"எல்லாரும் வணக்கம்னு ஆரம்பிப்பாங்க."

"வணக்கம். உடைஞ்சிருக்கு. எப்படி?"

"லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தேன். கதவு திறந்துச்சு... லிஃப்ட் வரலை. நான் மட்டும் போயிட்டேன்."

இதைச் சொன்னால் எல்லோரும் 'ஐயோ பாவம்' என்பார்கள். அவள் சொல்லவில்லை.

"எத்தனாவது மாடி?"

"மூணு."

"ஒரு பல்லோட விட்டுச்சே."

நடுவில் இருந்த அண்ணன் ஒரு காம்பவுண்டுச் சுவரைப் போல உட்கார்ந்து பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தார். "துணைக்கு ஆள் இல்லாம உங்களை எப்படி உள்ள விட்டாங்க?" என்று கேட்டார்.

"வாசல்ல கேட்டாங்க சார். உங்களைக் காட்டினேன்."

மழை வந்தது. அவளுடைய இமை நுனியில் ஒரு துளி தங்கியது... விழலாமா வேண்டாமா என்று யோசித்தது. அவன் அதையே பார்த்திருந்தான். கடலரசன் செத்துப்போனதை அந்த வரிசையில் அண்ணன் மட்டும்தான் கவனித்தார்.

அதன்பிறகு மாதத்தின் முதல் சனிக்கிழமை தோறும் அவள் அந்த நாடகத்துக்கு அடம் பிடித்தாள். அவனும் தவறாமல் வந்தான். பேச்செல்லாம் அண்ணனின் தொப்பையைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டியிருந்தது. அவனுக்கு இப்போது லிஃப்ட் கம்பெனியில் புகார் கேட்கும் வேலை. ஐந்து நிமிடம் லிஃப்ட் நின்றுவிட்டது, வாழ்க்கையே போய்விட்டது என்று போனில் கத்துவார்கள். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொள்வான். நின்றுபோன வாழ்க்கை எப்படியிருக்கும் என்று ஒரு நாளும் விளக்கியதில்லை.

ஆறாவது மாதம் அவன் அண்ணனிடம் நேராகப் பெண் கேட்டுவிட்டான். அண்ணன் பாப்கார்னைக் கீழே வைத்தார்.

"தம்பி, உங்க மேல எனக்குக் கோபமில்ல. ஒம்பது வருஷமா இவளைத் தள்றேன். முதுகு போச்சு. நாளைக்கு நானும் போயிட்டா, நீங்க ரெண்டு பேரும் உக்காந்துட்டு இருப்பீங்க. யாரு யாரைத் தள்றது?"

மேடையில் கடல்கன்னி கெக்கலி கொட்டிச் சிரித்தாள். அது நாடகத்தில் இருப்பதுதான்.

அவள் மெல்லச் சொன்னாள். "அண்ணா... கல்யாணத்த விடு. பஸ்ல, ஆஸ்பத்திரில, விசேஷ வீட்டுல... எங்க எடமிருக்கோ அங்க என்னை வச்சிட்டுப் போறீங்க. யாரு பக்கத்துல உக்காரணும்னு ஒருத்தரும் கேட்டதில்ல. ஒரே ஒரு தடவ... இவரு பக்கத்துல உக்காரணும். நடுவுல யாரும் இல்லாம."

"நாற்காலிய முறுக்கி வச்சிருக்காங்களே. நான் என்ன பண்ண?" என்றார் அண்ணன். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

லிஃப்ட் மெக்கானிக்கிடம் போல்ட்டைப் பற்றிப் பேசியிருக்கக்கூடாது. எட்டாத இடத்திலும் போல்ட் கழற்றும் நீளக் கைப்பிடி ஸ்பேனர் அவனிடம் இன்னும் இருந்தது. மறுமாதம் இடி இடிக்கும்போது குனிந்து ஒரு போல்ட்டைக் கழற்றினான். நாற்பது விநாடிக்கு ஒரு போல்ட்தான் ஆகும். மாதம் ஒன்றாக நான்கு மாதம். நாலாவதும் கையோடு வந்துவிட்டால், அண்ணன் எழுந்து போகும் நேரத்தில் நாற்காலியை மெல்ல ஒதுக்கிவிடலாம் என்பது திட்டம். நாற்காலிக்கு நேர் எதிரே நடுப்பாதை மேடையை நோக்கிச் சரிந்து இறங்குவதை மறந்துவிட்டான். பூமி கீழே இழுக்கும் என்பதை வேறு யார் மறந்தாலும் அவன் மறந்திருக்கக்கூடாது.

நாலாவது போல்ட் வெளியே வந்தது. ஈரத் தரையில் நாற்காலி புறப்பட்டது. அண்ணன் அதில் இருந்தார். பாப்கார்ன் சிந்தாமல், நிமிர்ந்து உட்கார்ந்தபடி, முப்பது வரிசைகளைக் கடந்து மேடை ஏறி, கடலரசனின் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். கடலரசன் ஒரு கணம் விழித்துவிட்டு, "வா தம்பி, வாரிசே" என்று கட்டிக்கொண்டான். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

மேலே, கடைசி வரிசையில், இரண்டு சக்கரங்கள் ஒன்றையொன்று தொட்டன. மழை பெய்தது. அவன் தோள் இவ்வளவு சூடாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. இருபத்தொன்று... இருபத்திரண்டு... என்று விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு தோன்றியது. நாற்பதில் விளக்கு எரிந்தது.

நிர்வாகம் விசாரித்தது. பாதுகாப்பைக் கருதி மஞ்சள் கட்டங்களைப் பிரித்தார்கள். ஒன்று வரிசையின் இடது கோடியில், ஒன்று வலது கோடியில். நடுவே அறுபத்திரண்டு இருக்கைகள், எல்லாம் முறுக்கியவை.

அடுத்த மாதச் சனிக்கிழமை அவள் இடது கோடியில் இருந்தாள். அவன் வலது கோடியில் ஒரு புள்ளியாகத் தெரிந்தான். அவன் பல் தெரியவில்லை.

"அண்ணா, அவர்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"வேணாம்மா."

"நீ போய்ச் சொல்றியா... இல்ல, நான் இங்கேருந்து கத்தட்டுமா?"

அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார். கத்திவிடுவாள். அவள் காதோடு சொன்னதைக் கேட்டுக்கொண்டு எழுந்தார். "கொஞ்சம் கால எடுங்க... கொஞ்சம் காலு..." என்று அறுபத்திரண்டு பேரின் முழங்கால்களைத் தாண்டி மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்தார். மூச்சு வாங்கியது.

"உங்களை அவளுக்குப் புடிச்சிருக்காம்." லிஃப்ட் நின்றுபோனதைப் புகார் செய்பவரின் குரலில் சொன்னார். "ரொம்பவாம். மொத நாளே புடிச்சுதாம். பல்லைப் பார்த்ததும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எனக்கும்னு சொல்லுங்க சார்," என்றான்.

"அதுக்கு மறுபடி எல்லார் காலையும் மிதிக்கணுமே."

"மன்னிச்சுக்கங்க."

"யாரு தள்றதுன்னு இன்னும் நீங்க சொல்லல தம்பி."

"தெரியல சார்."

"எனக்கும் தெரியல." அண்ணன் அவன் தோளில் ஒருமுறை கை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். பாதி வழியில், புயலுக்காக விளக்கணைந்தது. இருட்டில் யார் யாரோ திட்டினார்கள். அவளிடம் வந்து குனிந்து, "அவருக்கும்தானாம்," என்றார். அவள் தலையாட்டினாள். மழை தொடங்கியது. இரண்டு கோடிகளிலும் இரண்டு பேர், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாத தண்ணீருக்குள், மேடையைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த அரங்குக்குள் இன்றுவரை ஒரு சக்கர நாற்காலியும் நுழைந்ததில்லை. வாசலில் பதினெட்டுப் படிகள், வேறு வழி கிடையாது. அவர்களை இந்தக் கதைக்குள் மட்டும்தான் என்னால் ஏற்ற முடிந்தது.